பேசில்லஸ் பாக்டீரியாக் குச்சிகள் பாதி பிங்க் நிறத்தில் தெரிகின்றன, ஏன்?

காட்பாடி மாணவி:
பாலாற்று மணலிலிருந்து பிரித்த பேசில்லஸ். நியூட்ரியன்ட் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் வளர்த்து, 3 நாள் கழித்து கிராம் சாயம் (பாக்டீரியாவை ஊதா என்றால் பாசிட்டிவ், பிங்க் என்றால் நெகட்டிவ் எனப் பிரிக்கும் முறை) போட்டேன். கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், அசிட்டோன்-ஆல்கஹால் 20 வினாடி, சாஃப்ரனின் 1 நிமிடம். எல்லாமே ஊதாவாக வரவேண்டும், பாதி பிங்க்காக இருக்கின்றன. கல்ச்சரில் வேறு ஏதாவது கலந்துவிட்டதா?

ராணிப்பேட்டை லேப்:
கலந்திருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் 3 நாள் என்பதன் மேல்தான். கிராம் பாசிட்டிவ் செல்லின் சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்ற வலை போன்ற அடுக்கு தடிமனாக இருக்கும். ஆல்கஹால் பட்டதும் அது நீர் இழந்து இறுகி, உள்ளே வயலட்டும் அயோடினும் சேர்ந்த கூட்டுப்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயதான பேசில்லஸில் சுவர் சிதைந்துவிடும், சாயம் கசிந்து வெளியேறும். கிராம் நெகட்டிவில் இந்த அடுக்கே மெல்லிசு, வெளிச்சவ்வும் ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஊதா போனதும் சாஃப்ரனின் ஏறுகிறது, அதனால் பிங்க்.

18 முதல் 24 மணி நேரக் கல்ச்சரை எடுங்கள். அசிட்டோன் கலந்தது வேகமாக இழுக்கும், 20 வினாடி ரொம்ப அதிகம். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், வழியும் திரவத்தில் ஊதா நின்ற கணமே தண்ணீர் ஊற்றுங்கள். குச்சிக்குள் சாயம் ஏறாத வெற்று முட்டை வடிவம் தெரிந்தால் அது ஸ்போர் (பாக்டீரியாவின் உறங்குநிலை வித்து), கலப்பு அல்ல.

வேலூர் வெயில்:
அயோடின் பாட்டிலையும் பாருங்கம்மா. வெளிச்சமும் சூடும் பட்டால் வீரியம் குறையும், பழுப்பு வெளுத்து மஞ்சளாகிவிடும். நம்ம ஊர் மே மாதத்தில் ஜன்னலோரம் வைக்கவே கூடாது, பழுப்பு பாட்டிலில் அலமாரிக்குள் வையுங்கள். ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய படலம்) தடிமனாக இருந்தால் நெகட்டிவ்கூட ஊதாவாகத் தெரியும். அதே ஸ்லைடில் ஒரு ஓரம் ஸ்டஃபிலோகாக்கஸ் (பாசிட்டிவ்), மறு ஓரம் ஈ.கோலை (நெகட்டிவ்) தடவுங்கள். அவை சரியாக வராத ஸ்லைடை நம்பவே வேண்டாம்.

காட்பாடி மாணவி:
சாயம் இல்லாமல் சரிபார்க்க வழி உண்டா சார்?

ராணிப்பேட்டை லேப்:
உண்டு. 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியைக் கலக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் லூப்பை (கம்பி வளையத்தை) தூக்கும்போது நூல்போல இழுபட்டால் நெகட்டிவ். சுவர் உடைந்து டிஎன்ஏ வெளிவருவதால்தான் அந்தப் பிசுபிசுப்பு.

கரிகிரி வாசகர்:
ஒரு சேர்க்கை. தொழுநோய்க் கிருமி, காசநோய்க் கிருமி இரண்டின் சுவரிலும் மெழுகு போன்ற மைக்கோலிக் அமிலம் இருப்பதால் கிராம் சாயம் சரியாகப் பிடிக்காது, அங்கே சீல்-நீல்சன் என்ற வேறு சாய முறைதான். தொழுநோய்க் கிருமிக்கு அமிலம் தாங்கும் சக்தி குறைவு. காசநோய் ஸ்மியரில் சாயம் நீக்கப் போடும் 20 சதவீத கந்தக அமிலத்தை அதில் போடாதீர்கள், 5 சதவீதமே போதும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது, அதில் கிராம் போட்டுப் பலனில்லை.