நார்லிகர் சொன்னது தப்பு என்றால் அவரை ஏன் படிக்கணும்? ஒரு மாணவியின் கேள்வி

வியாசர்பாடி டியூஷன் அண்ணன்:
சாயங்காலம் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 2025 மே மாதம் வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் காலமானதிலிருந்தே அவரைப் பற்றி ஒரு நாள் பேசணும் என்று இருந்தேன், போன வாரம்தான் முடிந்தது. கோலாப்பூரில் பிறந்தது, கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாய்லிடம் ஆராய்ச்சி செய்தது, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற மாறாநிலைக் கொள்கை, எல்லாம் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "அண்ணா, பெருவெடிப்புதான் சரின்னு புக்குல இருக்கு, அப்போ இவர் சொன்னது தப்புதானே, அப்புறம் எப்படி பெரிய ஆளு?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளிக்க மனசு வரவில்லை. என்ன சொல்லலாம்?

தண்டையார்பேட்டை இயற்பியல்:
ஆமாம், பெரும்பாலானோர் ஏற்கவில்லை என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிரபஞ்சம் விரிய விரியப் புதுப் பொருள் உருவாகிக்கொண்டே இருக்கும், அதனால் அடர்த்தி மாறாது என்பதுதான் அந்தக் கொள்கை. பெருவெடிப்பின் மிச்சமாக வானம் முழுக்கப் பரவிக் கிடக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சை 1965இல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்ததும் அது ஆட்டம் கண்டது. நார்லிகர் விடவில்லை, 1993இல் ஹாய்ல், பர்பிட்ஜ் இருவரோடும் சேர்ந்து அதையே திருத்தி மறுபடி முன்வைத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹாக்கிங்கின் வழிகாட்டி டென்னிஸ் சியாமாவும் அதே கட்சிதான், ஆனால் மாணவர் மார்ட்டின் ரீஸோடு குவாசர்களை (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களை) எண்ணிப் பார்த்துக் கணக்கு ஒத்துவரவில்லை என்றதும் கைவிட்டார். அந்த மனசுதான் எனக்குப் பெரிசு.

திருவொற்றியூர் ஆசிரியை:
சியாமா பற்றிச் சொன்னது சரி. ஆனால் நார்லிகரை எடைபோட அது மட்டும் போதாது. 1988இல் புனேயில் ஐயுகா என்ற வானியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினாரே, அதன் நோக்கமே கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஆராய்ச்சி செய்யணும் என்பதுதான். எங்கள் காலேஜில் ஆராய்ச்சி இதழ் ஒன்றுகூட வராது. லீவில் நான் அங்கே போய்த் தங்கி வேலை பார்த்திருக்கிறேன். நடுமுற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் சிலைகள், நூலகத்தில் கேட்ட புத்தகம் கேட்ட நேரத்துக்குக் கிடைக்கும், எந்த ஊர் காலேஜ் என்று யாரும் ஏற இறங்கப் பார்த்ததில்லை. இன்னொன்று, அவருடைய கொள்கையைக் கவிழ்த்த அதே நுண்ணலைக் கதிர்வீச்சை அவர் கட்டிய இடத்திலேயே தருண் சௌரதீப் குழு பல வருஷம் ஆராய்ந்தது. தாணு பத்மநாபன் நார்லிகரின் மாணவர், அவரும் குரு வழியிலேயே நடக்கவில்லை, ஈர்ப்பு விசையில் தனக்கென்று ஒரு பாதை போட்டார். தன் பக்கம் நிற்பவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று நார்லிகர் நினைத்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்? அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லுங்கள் தம்பி.

வியாசர்பாடி டியூஷன் அண்ணன்:
மேடம், இது போதும் எனக்கு. சௌரதீப் விஷயத்தை அப்படியே சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை இயற்பியல்:
மேடம் சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு ஒரு யோசனை: பிள்ளைகள் ஆட்டோகிராஃப் கேட்டால் நார்லிகர், ஒரு கேள்வியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு, கையெழுத்தோடு பதில் வரும் என்பாராம். நீங்களும் ஆளுக்கொரு அட்டை கொடுத்துக் கேள்வி எழுத வையுங்கள். இயற்பியல் கேள்விகளை எனக்கு அனுப்புங்கள், என் கையாலேயே பதில் எழுதித் தருகிறேன்.