தோலாவிராவில் தண்ணீர் போன வழியே நடந்த அனுபவம்

குஜராத்தில் இருக்கிற சிந்துவெளிக் காலத்து நகரமான தோலாவிராவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனதும் நேரே கோட்டை மேட்டில் ஏறிவிடாதீர்கள். ஏறினால் நாலு பக்கமும் கல் சுவர்தான் தெரியும், பத்து படம் எடுப்பீர்கள், இறங்கி வந்துவிடுவீர்கள். கிழக்கே இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தில் ஆரம்பித்து, தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே நிரம்பியது, நிரம்பிய பிறகு எங்கே போனது என்று அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். ஊர் தானாகப் புரியும். நான் பார்த்த பழைய நகரங்களில் இவ்வளவு தெளிவாகத் தன் கணக்கைக் காட்டுகிற ஊர் வேறு இல்லை.

எனக்கு வேலை அதே குஜராத்தில், காந்திதாமில். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், கண்மாய்க்கரையில் வளர்ந்தவன். அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிற பழக்கம் விடவில்லை.

இடத்தைச் சொல்கிறேன். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பெரிய ரண் என்கிற உப்புவெளிக்கு நடுவே காதிர் என்று ஒரு தீவு. சுற்றிக் கடல் கிடையாது, உப்புதான். மழைக்காலத்தில் அந்த உப்புவெளியில் தண்ணீர் நிற்கும், மற்ற மாதங்களில் கண் கூசுகிற வெள்ளை. எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பச்சாவ், ராப்பர் வழியாகப் போவார்கள். பூஜிலிருந்து காவ்டா வழியாக ரண்ணுக்குக் குறுக்கே போட்ட புதுச் சாலை வந்த பிறகு அந்தப் பக்கமிருந்து தூரம் ரொம்பக் குறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளையாக விரிந்து கிடக்க நடுவில் ஒற்றைக் கோடாகப் போகும் அந்தச் சாலைக்காகவே இப்போது கூட்டம் வருகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் சாலையில் படம் எடுத்துவிட்டுத் தோலாவிராவை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஊர்க்காரர்கள் இந்த மேட்டைக் கோட்டடா என்பார்கள். 1960களின் கடைசியில் தொல்லியல் ஆய்வாளர் ஜகத்பதி ஜோஷி இது சிந்துவெளிக் காலத்து ஊர் என்று அடையாளம் கண்டார். 1990இல் ஆர்.எஸ்.பிஷ்ட் தலைமையில் பெரிய அளவில் அகழாய்வு தொடங்கிப் பல பருவங்கள் நடந்தது. 2021 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். ஏறக்குறைய கி.மு. 3000 முதல் 1500 வரை, இடையில் விட்டு விட்டாலும், ஜனங்கள் இங்கே குடியிருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தை ஏழு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. வடக்கே மான்சர், தெற்கே மன்ஹர் என்று இரண்டு காட்டோடைகள், மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் வெறும் மணல். இந்த இரண்டு ஓடைக்கும் நடுவில்தான் ஊரை வைத்திருக்கிறார்கள். ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி, தண்ணீரைத் திருப்பி, மதிலுக்கு உட்புறமாகச் சுற்றிலும் தேக்கங்களில் நிரப்பியிருக்கிறார்கள். குறைந்தது 16 தேக்கங்கள் என்பது பிஷ்ட்டின் கணக்கு. ஊருக்குள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 13 மீட்டர் வித்தியாசம் இருப்பதால் ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்குப் போகும். இரண்டு தேக்கங்களுக்கு நடுவே தடித்த கரை, கரையில் கால்வாய். எங்கள் ஊரில் மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகிற அதே கணக்குதான், ஆனால் இங்கே அதை ஒரு நகரத்து மதிலுக்குள் செய்திருக்கிறார்கள்.

கிழக்குத் தேக்கத்தின் நீளம் 73.4 மீட்டர், அகலம் 29.3, ஆழம் 10.6. எண்ணாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படியில் இறங்கி அடியில் நின்று மேலே பார்த்தபோதுதான் உறைத்தது, என் தலைக்கு மேலே மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கும். மூலையில் மேலிருந்து அடிவரை 31 படிகள். தண்ணீர் இறங்க இறங்க ஆட்களும் ஒவ்வொரு படியாக இறங்கிப்போய் மொண்டிருப்பார்கள். கோடையில் எத்தனையாவது படியில் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அந்த ஊர் முழுவதும் தினமும் பேசுகிற பேச்சாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அங்கே ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இளவயதில் அகழாய்வில் மண் சுமந்தவராம். இந்தப் பள்ளம் முழுக்க மண் மூடி மேலே முள் மண்டிக் கிடந்தது, கீழே படி இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை என்றார். மழை நன்றாகப் பெய்தால் இப்போதும் இதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் என்றும் சொன்னார்.

அங்கிருந்து தெற்கே போனால் பாறையிலேயே குடைந்த தேக்கங்கள் வரிசையாக வரும். கட்டியது பாதி, வெட்டியது பாதி. பாறையை எந்த இடம்வரை செதுக்கினார்கள், எந்த இடத்திலிருந்து கல் அடுக்கினார்கள் என்று விரல் வைத்துக் காட்டலாம். ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் செங்கல் என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது புதுசாக இருக்கும். இங்கே கல்தான் முக்கியம், தீவிலேயே கிடைக்கிற சுண்ணாம்புக்கல். கோட்டை வாசல் பக்கம் தூண் துண்டுகள் சில இருக்கின்றன, மஞ்சளும் வெள்ளையுமாக வரி ஓடிய கல், இழைத்து மெருகேற்றியது.

கோட்டை மேட்டுக்கு இதற்கப்புறம் ஏறுங்கள். மேலே ஒரு கிணறு இருக்கிறது. மாடு பூட்டிக் கமலை இறைத்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் அந்தக் கிணற்றடியை விட்டு நகர மாட்டார்கள். விளிம்பில் கிடத்திய கல் பலகையில் கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்றையொட்டி ஒன்றாக, வழவழப்பாக, சில ஆழமாக, சில லேசாக. தோல் பையில் இறைத்திருக்கலாம் என்கிறார்கள். கல் தேய்கிற அளவுக்கு இழுத்தது ஒரு ஆளோ ஒரு தலைமுறையோ இல்லை. இறைத்த தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடிய வழியும் தெரிகிறது. அதே கோட்டையில் மழைநீர் வடிகால்கள், சில இடத்தில் ஆள் நடக்கிற உயரம், மேலே கல் பாவி மூடியிருக்கிறார்கள். அது சாக்கடை இல்லை, கூரையிலும் தெருவிலும் விழுந்த மழையைச் சேர்த்துத் தேக்கத்துக்கு அனுப்புகிற வழி. வீட்டுக் கழிவுநீருக்குத் தனியாகத் தாழியும் குழியும் வைத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீரையும் அழுக்குத் தண்ணீரையும் கலக்க விடவில்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஊரின் அமைப்பையும் மேலே நின்றால் பார்க்கலாம். கோட்டை, அதை ஒட்டிய புறக்கோட்டை, வடக்கே நடு ஊர், கிழக்கே கீழ் ஊர். சுற்று மதில் சுமார் 771க்கு 617 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 5க்கு 4. கோட்டைக்கும் நடு ஊருக்கும் நடுவே பெரிய மைதானம், 283க்கு 47 மீட்டர், அது ஏறத்தாழ 6க்கு 1. ஓரங்களில் உட்காருவதற்குத் தோதாகப் படித்தளங்கள். சந்தையா, விழாவா, விளையாட்டா, எதற்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். கயிறு பிடித்து அளந்து கட்டிய ஊர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது.

கோட்டையின் வடக்கு வாசலைப் பற்றி நம் ஆட்கள் எல்லோரும் கேட்பார்கள். வாசலை ஒட்டிய அறையில்தான் சிந்துவெளிக் குறிகள் பதித்த அந்தப் பெரிய எழுத்துப் பலகை கிடைத்தது. பத்து எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம், ஜிப்சம் துண்டுகளை வெட்டி மரப்பலகையில் பதித்திருக்கிறார்கள். மரம் மக்கிப் போய்விட்டது, எழுத்து மட்டும் விழுந்த வரிசையில் மண்ணில் இருந்தது. ஆரம் வைத்த சக்கரம் போன்ற குறி அதில் நான்கு முறை வருகிறது. நாங்கள் போனபோது அந்த இடத்தில் எழுத்துகள் வெளியே தெரியவில்லை, படத்தில்தான் பார்த்தோம். சிந்துவெளி முத்திரையில் வழக்கமாக ஐந்து குறி அளவில்தான் இருக்கும், கையில் வைத்துப் பார்க்கிற சின்னப் பொருள். இது மைதானத்தைப் பார்த்த வாசலில் தூரத்திலிருந்தே தெரியும்படி மாட்டியது. அப்படியென்றால் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்கிற கூட்டம் ஒன்று கீழே இருந்திருக்க வேண்டும் இல்லையா? ஐராவதம் மகாதேவன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் குறிகளைத் தொகுப்பதில் செலவழித்தார், அவருடைய தொகுப்பு 1977இல் வந்தது, இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு இந்த எழுத்தைப் படித்துக் காட்டுகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. எல்லோரும் ஒப்புக்கொள்கிற வாசிப்பு இன்னும் வரவில்லை. அதனால் அங்கே வழிகாட்டியாக வருகிற யாராவது அது இன்ன சொல் என்று அடித்துச் சொன்னால் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசிக் கட்டத்தில் இந்த ஊர் என்ன ஆனது என்பதையும் நின்று பாருங்கள். சதுரம் சதுரமாக அளந்து கட்டிய இடத்தின் மேலேயே வட்டக் குடிசைகளின் அடித்தளம் இருக்கிறது. நகரம் சிதைந்து, ஜனங்கள் போய், கொஞ்ச காலம் கழித்து வந்தவர்கள் பழைய சுவரிலிருந்து கல்லைப் பிடுங்கி வட்டமாகக் கட்டிக்கொண்டார்கள். கட்ச்சில் இன்றைக்கும் புங்கா (bhunga) என்கிற வட்ட வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அந்த வகை வீடுகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. வட்ட வீட்டைப் பார்த்துவிட்டு நாகரிகம் தாழ்ந்துபோனது என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வற்றிக்கொண்டே போகிற ஒரு தீவில், நில நடுக்கம் வருகிற மண்ணில், அது புத்திசாலித்தனமான வீடு.

மேற்கே கல்லறைப் பகுதி இருக்கிறது, நேரம் இருந்தால் போங்கள். அரைக்கோள வடிவில் எழுப்பிய ஒன்றின் உள்ளே சக்கர ஆரம் போல மண் செங்கல் சுவர்கள் வைத்திருந்தார்கள். மணிகளும் பாத்திரங்களும் கிடைத்தன, உடல் இல்லை. நினைவிடமாக இருக்கலாம் என்கிறார்கள்.

நடைமுறை விஷயம்: நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், வெயில் காலத்தில் நிழலே கிடையாது. காலையில் முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள், சாய்வான வெளிச்சத்தில்தான் படிகளும் கயிற்றுத் தடமும் தெளிவாகத் தெரியும். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பெட்ரோலை வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வாசலில் தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, அதை முதலிலும் ஒரு தரம், சுற்றி முடித்த பிறகும் ஒரு தரம் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் தீவின் ஓரத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாம், டைனோசர் காலத்து மரம் கல்லாகிக் கிடக்கிறது.

எனக்கு ஒரு உதவி வேண்டும். மான்சரோ மன்ஹரோ தண்ணீரோடு ஓடுவதை நான் இன்னும் பார்க்கவில்லை. நல்ல மழை பெய்த வருடத்தில், ஆகஸ்ட் பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால், தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது, தடுப்பணை மிச்சத்தின் மேலே ஏறியதா, பக்கத்தில் புரண்டதா என்று எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.