ஆபீஸ் நெட்வொர்க்கில் என் லேப்டாப்புக்குள் வேறொருவர் வருவதை எப்படித் தடுப்பது?

கேள்வி: நூல்கணக்கு (திருப்பூர்)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சம்பளப் பட்டியல், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. எல்லாம் என் லேப்டாப்பில்தான். லேப்டாப் கம்பெனி கொடுத்தது, விண்டோஸ் 11 ப்ரோ. ஐ.டி.க்கு என்று தனியாக ஆள் கிடையாது. ரிப்பேர் என்றால் வெளியிலிருந்து சிஸ்டம் சர்வீஸ் தம்பி ஒருவர் வருவார், ஏதோ செய்வார், பில் கொடுத்துவிட்டுப் போவார்.

தீபாவளி போனஸ் ஷீட் போட்டு வைத்திருந்தேன். முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எத்தனை சதவீதம் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மதியம் சாப்பிட்டுவிட்டு வரும்போது கட்டிங் மாஸ்டர் வழியில் நிறுத்தி, "ஏனுங்க, டெய்லருக்கெல்லாம் வெறும் 8.33 தானாமா? ஆபீஸ்காரங்களுக்கு மட்டும் கூடவாமா?" என்கிறார். தூக்கிவாரிப் போட்டது.

சீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தால் ஒரு சின்னப் பெட்டி: இந்த ஃபைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், இப்போது மாற்ற முடியாது, படிக்க மட்டும் திறக்கவா என்று. பெயர் 'ஸ்டோர்ஸ் 2'. நான் லேப்டாப்பைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். பாஸ்வேர்டு வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. ஸ்டோர்ஸ் ரூம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் என் ஃபைல் எப்படித் திறக்கும்?

ஆன்டிவைரஸ் பணம் கட்டி வாங்கியதுதான், காலாவதி ஆகவில்லை. வை-ஃபை எல்லோருக்கும் ஒன்றே. பையர் ஆபீஸிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே பாஸ்வேர்டைத்தான் ரிசப்ஷனில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்? முதலாளி காதுக்குப் போவதற்குள் எனக்கே விவரம் தெரிந்தால் நல்லது.

பதில்: மின்னல்வேகம்

நல்ல வி.பி.என். ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் மேடம். யாராலும் உள்ளே வர முடியாது. வை-ஃபை பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

பதில்: காந்திபுரம் கேபிள்

மின்னல் தம்பி, வி.பி.என். அவர் லேப்டாப்பிலிருந்து வெளியே போகும் போக்குவரத்துக்கு. இங்கே நடந்திருப்பது வேறு. வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை.

மேடம், நான் கோவையில் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். நீங்கள் சொன்ன அந்தப் பெட்டியே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. அவர்கள் திறந்து வைத்திருந்தது காப்பி அடித்துக்கொண்டு போன ஃபைலை அல்ல. உங்கள் லேப்டாப்பில் இருக்கிற ஃபைலையே, நெட்வொர்க் வழியாகத் திறந்து வைத்திருந்தார்கள். அதாவது அந்த ஃபோல்டர் ஷேர் ஆகியிருக்கிறது. திரை பூட்டியிருந்தாலும் ஷேர் வேலை செய்யும். விண்டோஸ் கீயும் எல் கீயும் சேர்த்து அழுத்துவது மேசைக்கு எதிரே வருகிற ஆளைத்தான் நிறுத்தும், கேபிளில் வருகிற ஆளை நிறுத்தாது.

எதையும் மாற்றுவதற்கு முன் முதலில் பாருங்கள். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக், கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதில் ஷேர்டு ஃபோல்டர்ஸ். உள்ளே மூன்று இருக்கும். ஷேர்ஸ் என்பதில் உங்கள் லேப்டாப் ஊருக்குத் திறந்து வைத்திருக்கிற ஃபோல்டர்களின் பட்டியல். செஷன்ஸில் இந்த நிமிடம் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். ஓபன் ஃபைல்ஸில் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார்கள் என்று தெரியும். பெயருக்குக் கடைசியில் டாலர் குறி உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் தானாக வைத்துக்கொள்வது, அழித்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வரும், விட்டுவிடுங்கள். டாலர் இல்லாதது எது என்று சொல்லுங்கள்.

அதே இடத்தில் லோக்கல் யூசர்ஸ் அண்டு குரூப்ஸ் இருக்கும். யூசர்ஸைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று கேட்கிறேன், உங்கள் ஆபீஸில் காப்பியர் மெஷினிலிருந்து ஸ்கேன் நேராக லேப்டாப்புக்கு வருகிறதா?

நூல்கணக்கு:

அண்ணா, எப்படிச் சரியாகக் கேட்டீர்கள்! ஆமாம், பெரிய ஜெராக்ஸ் மெஷின் மாற்றியபோது ஸ்கேன் என் லேப்டாப்புக்கு வரும்படி சர்வீஸ் தம்பி செய்து கொடுத்தார். நூல் பில், டையிங் பில், ஜாப் ஒர்க் டி.சி. எல்லாம் ஸ்டோர்ஸில் ஸ்கேன் போடுவார்கள், எனக்கு வந்துவிடும்.

ஷேர்ஸில் டாலர் இல்லாதது ஒன்றுதான்: டாக்குமெண்ட்ஸ். ஸ்கேன் ஃபோல்டர் அதற்குள்தான் இருக்கிறது. போனஸ் ஷீட்டும் அதற்குள்தான். பர்மிஷன் என்பதைத் திறந்தால் எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் என்று டிக் ஆகியிருக்கிறது. யூசர்ஸில் என் பெயர், விண்டோஸுடைய வழக்கமான பெயர்கள், அப்புறம் 'ஸ்கேன்' என்று ஒன்று. அது அட்மினிஸ்ட்ரேட்டர் குரூப்பில் இருக்கிறது. செஷன்ஸில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் இதே 'ஸ்கேன்' பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

கீழே போய்ப் பார்த்தேன். அங்கே இசட் டிரைவ் என்று ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார், ஸ்கேன் சரியாக விழுந்ததா என்று அவர்கள் பார்ப்பதற்காம். திறந்தால் என் டாக்குமெண்ட்ஸ் முழுவதும்! என் பையனின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது உட்பட.

பதில்: காந்திபுரம் கேபிள்

நினைத்தேன். காப்பியர் போடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்துவிட்டுப் போகிறார்கள். ஸ்கேன் விழவில்லை என்று போன் வரக்கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை. அதனால் எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல், அட்மின் யூசர், பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதே 'ஸ்கேன்'. இதில் ஷேரை விட எனக்குக் கவலை அந்த அட்மின் யூசர்தான். பாஸ்வேர்டு தெரிந்த எவரும் உங்கள் மேசையில் உட்கார்ந்து அந்தப் பெயரில் லாகின் செய்யலாம், உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் திறக்கும்.

இப்போது செய்யுங்கள். ஷேர்ஸில் டாக்குமெண்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாப் ஷேரிங். அதோடு விடாதீர்கள், டாக்குமெண்ட்ஸ் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி டேபையும் திறந்து அங்கேயும் எவ்ரிஒன் இருந்தால் எடுத்துவிடுங்கள். பூட்டு இரண்டு இடத்தில் இருக்கிறது, பல பேர் ஒன்றை மட்டும் பார்ப்பார்கள்.

அப்புறம் சி டிரைவில் நேரடியாகப் புதிதாக ஒரு ஃபோல்டர், 'வரவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ப்ரொஃபைலுக்கு, அதாவது உங்கள் பெயரில் விண்டோஸ் வைத்திருக்கும் ஃபோல்டருக்கு, வெளியே இருக்கட்டும். பழைய 'ஸ்கேன்' யூசரை டிசேபிள் செய்துவிட்டு, காப்பியருக்கென்று ஒரு சாதாரண யூசரை உண்டாக்குங்கள். அட்மின் வேண்டாம், பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். 'வரவு' ஃபோல்டரை அந்த யூசருக்கும் உங்களுக்கும் மட்டும் ஷேர் செய்யுங்கள். காப்பியரின் அட்ரஸ் புக்கில் புதிய பாதை, புதிய பெயர், புதிய பாஸ்வேர்டு. ஸ்டோர்ஸுக்கு இசட் டிரைவ் தேவையே இல்லை. ஸ்கேன் போய்விட்டது என்று காப்பியர் திரையிலேயே வரும். பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகும்போது, ஆடிட்டர் ஆபீஸோ ஹோட்டலோ, அங்கே உள்ள வை-ஃபையை எப்போதும் பப்ளிக் என்று வையுங்கள். அப்படி வைத்தால் ஷேர்களை ஃபயர்வாலே வெளியாருக்கு அடைத்துவிடும். ஆபீஸ் வை-ஃபை மட்டும் பிரைவேட். இல்லாவிட்டால் ஸ்கேன் வராது. ஆனால் விருந்தாளிகளும் அதே வை-ஃபையில் இருப்பது சரியில்லை. ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கும், பையர் ஆட்களை அதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

போனஸ், சம்பள ஷீட்டுகளுக்குத் தனியாக ஒரு பூட்டு. எக்செலில் இன்ஃபோ பக்கத்தில் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு. ப்ரொடெக்ட் ஷீட் என்பதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது யாரும் செல்லில் தெரியாமல் கைவைக்காமல் பார்க்கத்தான், ரகசியத்துக்கு அல்ல. பாஸ்வேர்டை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது, எழுதிப் பீரோவில் வையுங்கள்.

பதில்: ஓய்வில் ஒரு பர்சனல் மேனேஜர்

அம்மா, மில்லில் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். தொழில்நுட்பத்தைத் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டோர்ஸ்காரரிடம் போய்ச் சத்தம் போட்டுவிடாதீர்கள். எக்செல் பெட்டியில் வந்த 'ஸ்டோர்ஸ் 2' என்பது அந்தக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் போடும்போது யாரோ தட்டிய பெயர், அவ்வளவுதான். அந்த சீட்டில் ஷிஃப்டுக்கு ஒருவர் உட்காருவார். மேலும், கம்பெனி ஆளே போட்டுக் கொடுத்த இசட் டிரைவைத் திறந்தேன், கண்ணில் பட்டது என்று அவர் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? 2000ஆம் வருட ஐ.டி. சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரோ பொறுப்பில் இருப்பவரோ அனுமதிக்காமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத் தடுக்கிறது. அதையே நேர்மையில்லாமலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் இங்கே கதவைத் திறந்துவிட்டதே கம்பெனி கூப்பிட்ட ஆள். கேஸ் நிற்காது, உறவுதான் கெடும்.

முதலாளியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே. காப்பியர் போட்டபோது இப்படி ஆகியிருக்கிறது, அடைத்துவிட்டேன், ஷேர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் இதோ என்று. லேப்டாப் அவருடையது. யூசரை மாற்றினேன், பாஸ்வேர்டு போட்டேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தே நடக்கட்டும். கட்டிங் மாஸ்டர் வாயிலிருந்து அவருக்குப் போனால் உங்கள் பேர்தான் அடிபடும். போனஸ் சதவீதம் கசிந்ததற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, சீக்கிரம் அறிவித்துவிடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லேப்டாப்பிலேயே குத்தி வைத்திருக்கிறீர்களா? முதலாளியின் கையெழுத்து அது. வேலை முடிந்ததும் உருவி டிராயரில் பூட்டுங்கள், வாங்கியபோது கொடுத்த பின் நம்பரையே வைத்திருந்தால் மாற்றுங்கள். இதைச் சொல்லாத ஆபீஸே நான் பார்த்ததில்லை, செய்கிற ஆபீஸும் பார்த்ததில்லை.

நூல்கணக்கு:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், "மெசின் போட்டவன் பில்லை நிறுத்து" என்றார். டோக்கன் இப்போது டிராயரில்.

ஒரு சிக்கல். மாடியில் மெர்ச்சண்டைசர்களுக்கு ஒரு பழைய காப்பியர் இருக்கிறது. அதையும் இதேபோல மாற்றலாம் என்று போனால், சர்வீஸ் தம்பி, "அது பழசுக்கா, எஸ்.எம்.பி. ஒன்று என்பதை ஆன் பண்ணினால்தான் ஸ்கேன் வரும், நான் பண்ணிவிடட்டுமா" என்று கேட்கிறார். சரி என்று சொல்லலாமா?

பதில்: காந்திபுரம் கேபிள்

சொல்லாதீர்கள். எஸ்.எம்.பி. ஒன்று என்பது ஃபைல் ஷேரிங்கின் பழைய வடிவம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பிரிட்டனின் ஆஸ்பத்திரிகள் வரை முடக்கியதே, அது பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைக் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியிலிருந்து வரும் விண்டோஸ்களில் புதிதாகப் போடும்போது அது இருக்காது. ஒரு காப்பியருக்காகச் சம்பளக் கணக்கு இருக்கும் லேப்டாப்பில் அதைத் திரும்ப எழுப்ப வேண்டாம்.

பழைய காப்பியரில் ஸ்கேன் டு இமெயில் இருக்கிறதா பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் பென் டிரைவ் குத்தும் இடம் இருக்கும், அதில் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். மாடியிலிருந்து கீழே ஒரு நடை நடப்பார்கள், அவ்வளவுதான். பென் டிரைவைத் திறப்பதற்கு முன் ஆன்டிவைரஸில் ஒரு ஸ்கேன் ஓட்டிவிடுங்கள்.