ஆயா வீடு குரூப்: இறப்புச் சான்று எந்த ஆபீஸில்?

செவ்வாய், காலை 10:41

ஊர் செந்தில்: விஏஓ ஆபீஸ் போனேன். பதிய முடியாது என்கிறார்

ஊர் செந்தில்: ஆயா இங்கே சாகவில்லையாம்

காட்பாடி சித்தப்பா: என்ன பேச்சு இது? நம்ம சுடுகாட்டில்தானே அடக்கம் செய்தோம், ஊரே வந்து நின்றது. அவரிடம் போனைக் கொடு

ஊர் செந்தில்: வெளியே வந்துவிட்டேன் சித்தப்பா

கவிதா: ஆயா உயிர் போனது வாலாஜா அத்தை வீட்டில். அங்கேதான் பதிய வேண்டும், அவர் சொன்னது சரிதான்

பெங்களூர் அத்தை: 60 வருஷம் வாழ்ந்தது ஊரில். கடைசி ரெண்டு மாசம் வாலாஜா. என்ன ரூலோ

வாலாஜா அத்தை: ரெண்டு மாசம் இல்லை. ஆடிப்பெருக்குக்கு வந்தவள். யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்

காட்பாடி சித்தப்பா: அக்கா இப்போது அது வேண்டாம்

வாலாஜா மாமா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சாவு எந்த எல்லைக்குள் நடந்ததோ அந்த எல்லைக்குரிய பதிவாளர்தான் பதிய வேண்டும், ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது, எந்த ஊரில் அடக்கம் செய்தோம் என்பதெல்லாம் அதில் வராது. கிராம ஊராட்சி என்றால் விஏஓ பதிவாளர். நகராட்சி, மாநகராட்சி என்றால் அங்கே இருக்கும் சுகாதாரப் பிரிவு. ஆஸ்பத்திரியில் போயிருந்தால் அவர்களே தகவல் கொடுத்திருப்பார்கள், வீட்டில் போனதால் வீட்டுக்காரன் என்ற முறையில் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் பணம் கிடையாது. அதற்கு மேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம், 30 தாண்டினால் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், உத்தரவு இல்லாமல் ஒன்றும் நடக்காது. இன்று ஐந்தாம் நாள்தான், பதற வேண்டாம். வாலாஜா 1866இலேயே நகராட்சி ஆன ஊர், இங்கே எல்லாம் முறையாக நடக்கும்.

ரவி: 1866 வந்துவிட்டது

ஊர் செந்தில்: ஓகே மாமா

பெங்களூர் அத்தை: காரியம் சனியா ஞாயிறா? யாரும் சொல்லவில்லை

ரவி: மாமா நான் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னாலேயே இருக்கிறேன். திங்கள்கிழமை மனுநாளில் நேரே கொடுத்துவிட்டால் வேகமாக நடக்காதா

வாலாஜா மாமா: மனு வாங்கிக்கொண்டு, பதிவு எண் போட்டு, சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கே அனுப்புவார்கள். அது சுற்றிக்கொண்டு திரும்பி வரும் நேரத்தில் நான் நடந்தே போய்ப் பதிந்துவிட்டு வருவேன். அதுவும் தவிர அது வேலூர் கலெக்டர். நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம்.

ரவி: ஆமாம், 2019இல் அத்தையை வேறு மாவட்டத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோம்

வாலாஜா அத்தை: நான் எங்கேயும் போகவில்லை, கோடுதான் நகர்ந்தது

வாலாஜா மாமா: ஆயாவின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், வடஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989இல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், மீதி வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, அப்புறம் வேலூர் மாவட்டம், 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. வீடு மாறாமலே மாவட்டம் மாறியவர்கள் நாம்.

கவிதா: மாமா முக்கியமான ஒன்று. ஆதாரில் முனியம்மா, பட்டாவில் முனியம்மாள், ரேஷன் கார்டில் முனியம்மால் என்று அச்சாகி இருக்கிறது. நாளை எந்தப் பெயரை எழுதிக் கொடுப்பீர்கள்?

வாலாஜா அத்தை: அம்மாவின் பெயர் அம்மாவுக்கே ஒழுங்காகச் சொல்ல வராது

வாலாஜா மாமா: ஆதாரில் இருப்பதுபோல் எழுதுவேன். பட்டாவில் உள்ள பெயர் என்ன ஆகும் என்று தாலுகாவில் கேட்போம். சான்று அச்சானபிறகு எழுத்தைத் திருத்தப் போனால் அது தனி வேலை, அதனால் பதியும்போதே அருகில் நின்று படித்துப் பார்ப்பேன். செந்திலு, ஆயா ஆதார் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. அடக்கம் ஊரில் நடந்ததால் சுடுகாட்டு ரசீது எதுவும் நம்மிடம் இல்லை, கேட்டால் என்ன கொடுப்பது என்றும் விசாரித்து வருகிறேன்.

ஊர் செந்தில்: ஆதார் பீரோவில். சாவி அப்பாவிடம். அப்பா வயலில்

செவ்வாய், மதியம் 1:15

காட்பாடி சித்தப்பா: சான்று கையில் வந்ததும் அங்கேயே வாலாஜா தாலுகாவில் வாரிசுச் சான்றுக்கும் போட்டுவிடலாம். மூன்று பேர் கையெழுத்துத்தானே. அண்ணன், நான், ரவி

பெங்களூர் அத்தை: மூன்று பேரா

வாலாஜா அத்தை: மூன்று பேரா?

கவிதா: சித்தப்பா, ரவி மட்டும்தான் எங்கள் அப்பாவுக்குப் பிள்ளையா

காட்பாடி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெங்களூர் அத்தை: அழித்தாலும் படித்துவிட்டேன் தம்பி

வாலாஜா மாமா: மாப்பிள்ளை, இதில் இரண்டு விஷயம். வாரிசுச் சான்று கொடுப்பது வட்டாட்சியர். ஆயா குடியிருந்த வீடும் நிலமும் இருப்பது காட்பாடி தாலுகாவில், அதனால் காட்பாடி தாலுகா ஆபீஸ். இறப்பு மட்டும்தான் இறந்த இடத்தோடு போகும், மற்றதெல்லாம் வாழ்ந்த இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். இ-சேவை மையத்தில் பதிவு செய்தாலும் விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துத்தான் மேலே போகும், பக்கத்து வீட்டில் கேட்பார்கள். இரண்டாவது, மகன் மகள் எல்லோர் பெயரும் வர வேண்டும், காலமான மகனுக்கு அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும். ஒருவரை விட்டுவிட்டு வாங்கினால் அவர் ஒரு ஆட்சேபம் எழுதிப் போட்டால் போதும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அந்தச் சான்று சொல்லாது, யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் தாய் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிசமம் என்று 1956இலேயே சட்டம் இருக்கிறது.

காட்பாடி சித்தப்பா: நான் பங்கு பற்றிப் பேசவே இல்லையே

பெங்களூர் அத்தை: நாங்களும் பேசவில்லை

ரவி: சாப்பிட்டீர்களா எல்லோரும்

கவிதா: ரவி சும்மா இரு

ஊர் செந்தில்: தெரு லைட் மூன்று நாளாக இல்லை. வீட்டு வாசல் இருட்டு. காரியத்துக்கு வண்டி எல்லாம் அங்கேதான் நிற்கும்

ரவி: நேற்றே மாநகராட்சிக்குப் புகார் போட்டுவிட்டேன்

ஊர் செந்தில்: எந்த மாநகராட்சிக்கு

ரவி: வேலூர்

ஊர் செந்தில்: நாம ஊராட்சி

கவிதா: ஆணையர் சேர்க்காடு கூட்டுரோடு வரைக்கும் பல்பு எடுத்துக்கொண்டு வருவார், காத்திரு

வாலாஜா மாமா: பல்பு எரியவில்லை என்றால் ஊராட்சிச் செயலர், அவரிடம் கம்ப எண்ணைச் சொல்ல வேண்டும், கம்பத்திலேயே எழுதியிருக்கும். கம்பி அறுந்திருந்தாலோ கம்பத்தில் ஷாக் அடித்தாலோ மின்வாரியம், மின்னகம் 94987 94987, அது ராத்திரியிலும் எடுப்பார்கள். எந்த ஆபீஸ் என்றே தெரியாவிட்டால் 1100க்கு அடித்துச் சொல்லலாம், முதல்வரின் முகவரித் துறை, அவர்களே சேர வேண்டிய இடத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் பல்புக்கெல்லாம் 1100 வேண்டாம், செயலர் வீடு நம் தெருமுனையில்தானே

ஊர் செந்தில்: அவர் அப்பாவோடு பேசமாட்டார்

ஊர் செந்தில்: ஏரிக்கரை வேலிப் பிரச்சினை

காட்பாடி சித்தப்பா: அது முடிந்து பத்து வருஷம் ஆகிறது

ஊர் செந்தில்: அவருக்கு முடியவில்லை

பெங்களூர் அத்தை: நம்ம ஊரை வேலூர் மாநகராட்சியில் சேர்க்கப்போகிறார்களாமே, இங்கே ஒருவர் சொன்னார். நிலம் விலை ஏறுமா

வாலாஜா அத்தை: நிலம் பற்றிப் பேசவில்லை என்றாய் இப்போதுதான்

ரவி: ஹாஹா

ஊர் செந்தில்: சேர்த்தால் அம்மாவுக்கு நூறு நாள் வேலை போய்விடும், வரி வேறு ஏறும். யாரும் அதைப் பரப்பாதீர்கள் தயவுசெய்து, ஏற்கெனவே டீக்கடையில் இதே பேச்சு

வாலாஜா மாமா: அரசாணை வரட்டும், அப்புறம் பேசலாம். அக்டோபர் 2 கிராம சபையில் நேரடியாகக் கேளுங்கள்.

செவ்வாய், இரவு 8:50

வாலாஜா மாமா: இன்னொன்று விட்டுப்போயிற்று. ஆயாவுக்கு முதியோர் பணம் மாதம் 1200 வந்துகொண்டிருந்தது. அதைத் தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்து நிறுத்த வேண்டும். அடுத்த மாதம் கணக்கில் வந்து விழுந்தாலும் யாரும் ஏடிஎம் கார்டைத் தொடக் கூடாது, பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது அதே கட்டிடத்தில் வட்ட வழங்கல் அலுவலர். இரண்டுக்கும் இறப்புச் சான்று வேண்டும், ஆகவே நகல் நிறைய

ஊர் செந்தில்: ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது

காட்பாடி சித்தப்பா: என்னிடம் இல்லை

பெங்களூர் அத்தை: யாரும் உன்னைக் கேட்கவில்லையே

வாலாஜா அத்தை: என்னிடம் இருக்கிறது. மருந்துக்கு எடுத்தேன். சீட்டு எல்லாம் வைத்திருக்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்

காட்பாடி சித்தப்பா: ஐயோ அக்கா, யார் கணக்குக் கேட்டார்கள்

கவிதா: ஆக, நாளை மாமா நகராட்சிக்குப் போகிறார். செந்தில் அண்ணா ஆதார் போட்டோ அனுப்ப வேண்டும். சித்தப்பா காட்பாடி தாலுகாவில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டு வருவார். லைட்டுக்கு யார்?

ரவி: என் எல்லை மாநகராட்சியோடு சரி

ஊர் செந்தில்: அம்மாவை அனுப்புகிறேன். செயலர் வீட்டுக்காரியோடு பேசுவார்

பெங்களூர் அத்தை: சனியா ஞாயிறா என்று காலையிலிருந்து கேட்கிறேன். பதினாறாம் நாள் அடுத்த சனிதான், தெரியும், ஆனால் பிள்ளைகளுக்கு அன்று பரீட்சை, ஞாயிறு வைத்தால் எல்லோரும் வரலாம்

காட்பாடி சித்தப்பா: பந்தல்காரருக்குச் சனி என்று முன்பணம் கொடுத்தாயிற்று

வாலாஜா அத்தை: தாய்மாமன் வீட்டுக் கோடித் துணிக்குச் சனி என்றுதான் சொல்லியிருக்கிறோம்

பெங்களூர் அத்தை: என்னைக் கேட்காமலே

ரவி: சாப்பாடு சைவமா? பங்காளிகள் மறுநாள் ஆட்டுக்கறி கேட்பார்கள்

கவிதா: ரவி

வாலாஜா மாமா: தண்ணீர் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்குக் காலையில் ஓவர்ஹெட் டேங்கில் முன்கூட்டியே விடச் சொல்ல வேண்டுமென்றால் டேங்க் ஆபரேட்டர்

ஊர் செந்தில்: மாமா அதை நாளைக்கு

பெரியப்பா: குரல் பதிவு 3:12

கவிதா: யாராவது கேட்டுவிட்டு எழுதுங்கள், குழந்தை தூங்குகிறாள்

காட்பாடி சித்தப்பா: டிராக்டர் சத்தம். ஞாயிறு வேண்டாம் என்கிறார் போல. பீரோ சாவி பற்றி ஏதோ சொல்கிறார், அது புரியவில்லை

பெங்களூர் அத்தை: ஞாயிறு வேண்டாம் என்றா சொல்கிறார், சனி வேண்டாம் என்றா? நன்றாகக் கேள்

வாலாஜா அத்தை: நாளைக் காலை அண்ணனுக்கு நானே போன் செய்கிறேன்