டியூனைக் கன்டெய்னராக நிறுவுதல்: டாக்கர் சாக்கெட்டை அப்படியே கொடுப்பது சரியா?

கேள்வி

வீட்டிலுள்ள சிறிய சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட், ஜெல்லிஃபின், வால்ட்வார்டன் ஆகியவற்றையும் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் டாக்கர் கம்போஸ் (நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரின் துணைக்கருவி) மூலம் இயக்கி வருகிறேன். இவற்றின் கன்டெய்னர்கள் உருவாகும் மூலத் தொகுப்புகளான இமேஜ்களுக்குப் புதுப்பிப்பு வந்தால் டெலிகிராமில் ஒரு செய்தி வந்தால் போதும். தானாகவே இமேஜை இறக்கிக் கன்டெய்னரை மாற்றிவிடும் கருவி எனக்கு வேண்டாம். ஆகவே புதுப்பிப்பை அறிவிக்க மட்டும் செய்யும் டியூன் (Diun) என்னும் கருவியைத் தேர்ந்தெடுத்து, அதையும் ஒரு கன்டெய்னராகவே நிறுவினேன். லாகில் பிழை எதுவும் இல்லை, ஆனால் இதுவரை ஒரு செய்தியும் வரவில்லை. எங்கே பார்க்க வேண்டும்? மேலும், டாக்கருக்குக் கட்டளைகள் போகும் வழியான டாக்கர் சாக்கெட்டை 'வாசிக்க மட்டும்' என்று குறித்து டியூன் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்திருக்கிறேன் (இணைத்திருக்கிறேன்). அது போதிய பாதுகாப்புதானா?

மறுமொழி 1

செய்தி வராததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். டியூன் தன் இயல்பான அமைப்பில் எல்லாக் கன்டெய்னர்களையும் கவனிப்பதில்லை. எந்தக் கன்டெய்னரின் லேபிளில் டியூன் இயக்கப்பட்டிருக்கிறதோ அதை மட்டுமே கவனிக்கும். ஒவ்வொன்றுக்கும் லேபிள் எழுதலாம், அல்லது எல்லாவற்றையும் கவனிக்கச் சொல்லும் சூழல் மாறியை டியூனின் கம்போஸ் பகுதியில் ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம். அடுத்து, ஓர் இமேஜை முதன்முறை பார்க்கும்போது டியூன் அதன் டைஜஸ்டைக் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் அடையாளக் குறியீட்டைக்) குறித்துக்கொள்ளுமே தவிரச் செய்தி அனுப்பாது. அந்தக் குறிப்பு கன்டெய்னருக்குள் 'டேட்டா' என்னும் அடைவிலுள்ள தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. அந்த அடைவுக்கு ஒரு வால்யூம் (கன்டெய்னரை நீக்கினாலும் அழியாத சேமிப்பிடம்) இல்லையென்றால், டியூன் கன்டெய்னரை நீக்கி மறுபடி உருவாக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாமே முதன்முறையாகிவிடும். இடையில் வந்த புதுப்பிப்பு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

டெலிகிராம் இணைப்பு சரியா என்று பார்க்கப் புதுப்பிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் டியூனின் சோதனை அறிவிப்புக் கட்டளையைக் கொடுத்தால் உடனே ஒரு செய்தி வர வேண்டும். இரவில் மட்டும் எழுந்து பேக்கப் எடுத்துவிட்டு நின்றுவிடும் கன்டெய்னர் ஏதேனும் இருந்தால், நின்றிருப்பவற்றையும் கவனிக்கச் சொல்லித் தனியாக அமைக்க வேண்டும்.

மறுமொழி 2

சாக்கெட்டைப் பற்றிய உங்கள் ஐயம் மிகச் சரியானது. பலரும் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 'வாசிக்க மட்டும்' என்ற குறிப்பு அந்தச் சாக்கெட் கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாமல் தடுக்குமே தவிர, அதன் வழியாக டாக்கருக்குப் போகும் கட்டளைகளைத் தடுக்காது. சாக்கெட்டைத் தொட முடிந்த ஒரு நிரல், சர்வரின் முழு வட்டையும் மவுன்ட் செய்த புதிய கன்டெய்னர் ஒன்றை உருவாக்கச் சொல்லலாம். அதாவது அதற்குச் சர்வரின் முழு அதிகாரமான ரூட் அதிகாரமே கிடைத்துவிடுகிறது.

ஆகவே இடையில் ஒரு சாக்கெட் பிராக்ஸியை (கோரிக்கைகளை வடிகட்டி அனுப்பும் இடைநிலை நிரலை) வையுங்கள். டெக்னேட்டிவா வெளியிட்டுள்ள பிராக்ஸி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் கன்டெய்னர், இமேஜ் ஆகிய இரு பிரிவுகளை மட்டும் திறந்துவிடுங்கள். எதையும் உருவாக்கும் அல்லது மாற்றும் கோரிக்கைகளை அது இயல்பாகவே மறுத்துவிடும். சாக்கெட் அந்தப் பிராக்ஸிக்கு மட்டும் போகட்டும்; டியூனுக்கு 2375 போர்ட்டில் பிராக்ஸியின் முகவரியைக் கொடுங்கள். அந்தப் போர்ட்டை ஹோஸ்ட்டில் திறக்கவே கூடாது. டியூனும் பிராக்ஸியும் பேசிக்கொள்ள வெளியுலகத் தொடர்பில்லாத ஓர் உள் நெட்வொர்க் போதும், ஆனால் இமேஜ்கள் வெளியிடப்படும் ரெஜிஸ்ட்ரிக்கும் டெலிகிராமுக்கும் போக டியூனுக்கு மட்டும் இன்னொரு நெட்வொர்க் தேவை. இவ்வளவு செய்த பிறகும், கன்டெய்னர் விவரங்களை வாசிப்பவர் அவற்றின் சூழல் மாறிகளையும் வாசிக்க முடியும் என்பதால், தரவுத்தளக் கடவுச்சொல்லை அங்கே எழுதாமல் தனிக் கோப்பில் வைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வால்யூம் இல்லாததும் லேபிள் இல்லாததும்தான் காரணம். சோதனைச் செய்தி வந்துவிட்டது. இன்னும் ஓர் ஐயம்: போஸ்ட்கிரெஸுக்கு 16 என்ற டேக் (இமேஜின் பதிப்பைக் குறிக்கும் பெயர்) கொடுத்திருக்கிறேன். 17 வந்திருப்பதை டியூன் சொல்லுமா? ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிப்பதால் இமேஜ்களை இறக்கும் தளமான டாக்கர் ஹப்பின் வரம்பைத் தாண்டிவிடுவேனா?

மறுமொழி 3

சொல்லாது. நீங்கள் கொடுத்த டேக்கின் டைஜஸ்ட் மாறினால் மட்டுமே செய்தி வரும். 16-க்குள் வரும் சிறு திருத்தங்கள் அப்படித் தெரிந்துவிடும். புதிய டேக்குகளும் தெரிய வேண்டுமென்றால், களஞ்சியம் முழுவதையும் (அந்த இமேஜின் எல்லா டேக்குகளையும்) கவனிக்கச் சொல்லும் லேபிளைச் சேர்த்து, வெறும் எண்ணாலான டேக்குகளை மட்டும் ஏற்கும் வடிகட்டியையும் கட்டாயம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆல்பைன், டெபியன் வகைகள் எல்லாம் செய்திகளாக வந்து குவியும். போஸ்ட்கிரெஸைப் பொறுத்தவரை, 16-இன் தரவு அடைவின் மேல் 17-ஐ வைத்தால் அது தொடங்கவே மறுக்கும். தரவை டம்ப் எடுத்து (ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து) புதியதில் ஏற்ற வேண்டும். தானியங்கிக் கருவியைத் தவிர்த்தது இந்த ஒன்றுக்காகவே சரியான முடிவு.

வரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். டாக்கர் ஹப் கணக்கில் உள்நுழையாமல் இறக்குபவர்களுக்கு ஆறு மணி நேரத்தில் 100 என்பது இமேஜை இறக்குவதற்கான வரம்பு. டியூன் முதலில் இமேஜை இறக்காமல் மறுமொழியின் தலைப்பு விவரங்களை (HEAD கோரிக்கை) மட்டும் கேட்டு டைஜஸ்டை ஒப்பிடுகிறது, அந்தக் கோரிக்கை இறக்கமாகக் கணக்கிடப்படுவதில்லை. களஞ்சியம் முழுவதையும் கவனிக்கும்போது மட்டும் எத்தனை டேக்குகள் என்பதற்கு ஓர் உச்சவரம்பை லேபிளில் குறித்துவிடுங்கள்.