புதுப்பிப்பு: சுரங்கத்துக்குள் 40 நிமிடம் நின்ற ரயில்

போன வாரம் எங்கள் மெட்ரோ ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 40 நிமிடம் நின்றதையும், ஒரு அறிவிப்பும் வராததையும் எழுதியிருந்தேன். என் புகாருக்கு இன்று பதில் வந்தது. சிக்னல் கோளாறாம்.

சரி, கோளாறு வரத்தான் செய்யும். முன்னால் உள்ள பாதை காலி என்று உறுதியாகாமல் பின்னால் வரும் ரயிலை விடமாட்டார்கள். அதைக் கண்டறியும் கருவி பழுதானால், காலிப் பாதையிலும் ரயில் நிற்பதாகவே காட்டும். பாதுகாப்புக்கான ஏற்பாடு அது, அதில் எனக்குக் குறையே இல்லை.

அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் மாத்திரை அட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "காரணம் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பதிலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தாமதச் சான்று கேட்கச் சொன்னவர்களுக்கு நன்றி. கேட்டேன், கொடுத்தார்கள், அலுவலகத்திலும் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம், திரும்பவும் எழுதியிருக்கிறேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓட்டுநருக்கு எத்தனை மணிக்குத் தகவல் போனது? அதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? இந்த இரண்டு கேள்விகள்தான். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.