4எல்60இ கியர்பாக்ஸுக்கு ஷிஃப்ட் கிட்: எதை வாங்குவது, எவ்வளவு துளையிடுவது?

கேள்வி: கால்வெஸ்டன் கரை

அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சஸில், ஹூஸ்டனுக்குத் தெற்கே வசிக்கிறேன். என்னிடம் 2002-ஆம் ஆண்டு செவர்லே டாஹோ ஒன்று இருக்கிறது. 5.3 லிட்டர் வி8 எஞ்சின், 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இதுவரை 1,48,000 மைல் ஓடியிருக்கிறது. கோடையில் மாதம் இரண்டு முறையாவது படகை இழுத்துக்கொண்டு கால்வெஸ்டன் வரை போய் வருகிறேன்.

காலையில் வண்டியை எடுக்கும்போது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் இடத்தில் வண்டி ஒரு கணம் எந்தக் கியரிலும் இல்லாததுபோல் மிதக்கிறது. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, அதன் பிறகுதான் கியர் பிடிக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு ஊருக்குள் இறங்கினால், முதல் சிக்னலில் புறப்படும்போது அதே கியர் மாற்றம் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் விழுகிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு இரண்டு முறை எரிந்து தானாகவே அணைந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கியர்பாக்ஸ் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று கேட்காதீர்கள்.

ஷிஃப்ட் கிட் (கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தை மாற்றும் ஸ்பிரிங், வால்வு போன்றவை அடங்கிய தொகுப்பு) போட்டால் கியர் மாற்றம் இறுக்கமாகும் என்று படித்தேன். ஒரே கிட்டிலேயே, ஆயில் பாயும் உலோகப் பிளேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஓர் அளவும், பந்தய ஓட்டத்துக்கு ஓர் அளவும் துளையிடச் சொல்லியிருக்கிறார்கள். படகு இழுப்பதால் பெரிய அளவையே தேர்ந்தெடுக்கலாமா? கியர்பாக்ஸை இறக்காமல், வீட்டு வாசலில் வண்டியைத் தூக்கி நிறுத்தி நானே செய்ய முடியுமா?

பதில்: ஷார்ஜா பட்டறை

வணக்கம் ஐயா. ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்துவருகிறேன். இங்கே டாஹோவும் சபர்பனும் நிறைய ஓடுவதால், நீங்கள் சொல்லும் கியர்பாக்ஸ் என் மேசைக்கு வாரம் ஒன்றாவது வந்துவிடும். கிட்டை இன்னும் வாங்கிவிடாதீர்கள். முதலில் ஸ்கேனரை இணைத்து, கியர்பாக்ஸ் சம்பந்தமான கோளாறுக் குறியீடு (கோடு) ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் பி1870 இருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்தக் கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு (மின்சார வால்வு) தலைகீழாக வேலை செய்யும்: அதற்குப் போகும் மின்னோட்டம் குறையக் குறைய அழுத்தம் கூடும், இணைப்பையே கழற்றிவிட்டால் முழு அழுத்தம் வரும். நெடுஞ்சாலையில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் வழுக்குவதாகக் கம்ப்யூட்டர் கண்டால் பி1870-ஐப் பதிவு செய்து, அந்தப் பூட்டை நிறுத்திவிட்டு, கிளட்சுகளைக் காப்பாற்றுவதற்காக அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. சிக்னலில் உங்களை இடிப்பது அந்த அழுத்தம்தான். எஞ்சினை அணைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் மறுபடியும் மிருதுவாக ஓடும். விளக்கும் சில நாட்களில் அணைந்துவிடும்.

வழுக்குவதற்குப் பெரும்பாலான காரணம், ஆயிலைப் பிரித்தனுப்பும் வால்வு பாடியிலுள்ள ஒரு குழாய்த்துளையின் தேய்மானம். பூட்டுக் கிளட்சை ஒரேயடியாகப் பிடிக்கவைக்காமல், விட்டுவிட்டுத் துடிக்கும் அழுத்தத்தால் மெதுவாகப் பிடிக்கவைக்கிறார்கள். அந்தத் துடிப்பில் சிறிய வால்வு ஒன்று ஓயாமல் முன்னும் பின்னும் ஓடி, அலுமினியத் துளையின் சுவரை அரித்துவிடுகிறது. ஆயில் அங்கே கசிந்துபோவதால் கிளட்சுக்கு முழுப் பிடி கிடைப்பதில்லை.

ஆக, ஷிஃப்ட் கிட் உங்களுக்குப் பயன்படலாம். ஆனால் நீங்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல. சம்பை (கியர்பாக்ஸின் ஆயில் தொட்டியை) கழற்றி அடியிலுள்ள காந்தத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சாம்பல் நிறத்தில் மாவுபோல் படிந்திருந்தால் அது வயதுக்குரியது. ஆயில் கறுத்து, கருகிய வாடையுடன், கிளட்சுத் தூள் கைநிறைய வந்தால் 3-4 கிளட்ச் (மூன்றாவது, நான்காவது கியர்களுக்கானது) போய்விட்டது என்று பொருள். அதற்கு எந்தக் கிட்டும் மருந்தல்ல, பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். எரிந்த கிளட்சுக்கு அழுத்தத்தைக் கூட்டுவதால் அது மூன்று மாதத்தில் போவதற்குப் பதிலாக மூன்று வாரத்தில் போகும்.

பதில்: நிதானப் பயணி

முந்தைய பதிலை மறுக்கவில்லை. ஆனால் 1993-இல் இந்தக் கியர்பாக்ஸ் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறிய பிறகு, கியர் மாறும் நேரத்தையும் அப்போதைய அழுத்தத்தையும் மென்பொருளிலேயே மாற்ற முடிகிறது. எச்பி டியூனர்ஸ் போன்ற கருவியை வைத்து, இழுவைப் பளுவுக்கு ஏற்றபடி 1-2 மாற்றத்தைச் சிறிது இறுக்கிவிடலாம். பிடிக்காவிட்டால் பழைய கோப்பையே திரும்ப ஏற்றிவிடலாம். பிளேட்டில் போட்ட துளையை அப்படித் திருப்ப முடியாது. என் சபர்பனில் துளையே போடாமல் இதை மட்டும் செய்து நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன்.

பதில்: ஷார்ஜா பட்டறை

நல்ல நிலையிலுள்ள பெட்டிக்கு நீங்கள் சொல்வது மிகவும் சரி; துளை போட்டுவிட்டு வருந்துகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒருவர் வேறு எங்கோ கிட் போட்டுவிட்டு வந்தார். பிளேட்டில் இருந்த துளைகளை ஏற்கெனவே யாரோ பெரிதாக்கியிருந்ததைக் கவனிக்காமல், அதன் மேலேயே பெரிய சர்வோவையும் (இரண்டாவது கியரைப் பிடிக்கவைக்கும் பிஸ்டன்) மாட்டியிருந்தார்கள். சில மாதங்களில் சன் கியரைச் சுழற்றும் உலோக உறையான சன் கியர் ஷெல் உடைந்தது. இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் இல்லாமல் போயின. ஆனால் தேய்ந்த துளையில் கசியும் ஆயிலை மென்பொருள் அடைத்துவிடாது. இவருடைய வண்டியில் கோடு என்னவென்று தெரிந்த பிறகு பேசுவோம்.

கால்வெஸ்டன் கரை

பி1870 தான் ஐயா. சம்பையும் இறக்கிப் பார்த்தேன். கியர் கேபிளின் தாங்கியைத் தளர்த்தாமல் அதை வெளியே எடுக்க முடியாது என்பதை அரை மணி நேரம் போராடிய பிறகே கண்டுகொண்டேன். காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு சற்றே தடிப்பாக இருந்தது. விரலில் தேய்த்தால் மை போல் பரவியது, துகள் எதுவும் தட்டுப்படவில்லை. ஆயில் பழுப்பு நிறம், கருகிய வாடை இல்லை. இனி எதை வாங்க வேண்டும்?

பதில்: ஷார்ஜா பட்டறை

தப்பித்தீர்கள். அந்தப் பூட்டு வால்வுக் கோளாறுக்கும் தீர்வு சேர்ந்த கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஷிஃப்ட் கிட் என்ற சொல்லையே நாம் பொதுப்பெயராகப் பயன்படுத்தினாலும் அது டிரான்ஸ்கோ நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி. அதனால்தான் மற்றவர்கள் வேறு வேறு பெயர்களில் விற்கிறார்கள். கிட்டின் மேலுள்ள பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். வெறும் ஸ்பிரிங்கும் துளைக் குச்சியும் (டிரில் பிட்) மட்டும் உள்ள கிட் உங்களுக்கு உதவாது. தேய்ந்த துளையைச் சீராகக் குடைந்து சற்றே பெரிய வால்வைப் பொருத்தும் முறையும் உண்டு, சோனாக்ஸ் போன்றோர் அதற்கான கருவியை விற்கிறார்கள். கசிவைச் சரிசெய்வதில் அதுவே நேரான வழி. ஆனால் வாசலில் படுத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல அது. வால்வு பாடியை மட்டும் பட்டறைக்குக் கொடுத்து அனுப்பலாம். வால்வை மாற்றித் துடிப்பையே நீக்கிவிடும் கிட்டுகளில் பூட்டு ஒரேயடியாகப் பிடிக்கும். அதை ஓட்டும்போது உணர்வீர்கள், பயப்பட வேண்டாம்.

துளையின் அளவைப் பற்றிக் கேட்டீர்கள். சிறிய அளவே போதும். துளையின் விட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகக் கூடினால் கால் பங்குதான் கூடியது என்று தோன்றும். ஆனால் ஆயில் பாயும் பரப்பு முன்பிருந்ததைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. படகு இழுக்கும் வண்டிக்கு வேண்டியது வழுக்காத மாற்றம், அறைகிற மாற்றம் அல்ல. துளையிடும் முன் கிட்டோடு வந்த குச்சியின் மழுங்கிய முனையை இப்போதுள்ள துளையில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ அங்கே வந்துபோயிருக்கிறார்கள்.

பெட்டியை இறக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியை ஜாக்கின் மேல் மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். நான்கு தாங்கிகள் வேண்டும். வால்வு பாடியை இறக்கும்போது, கியர் நெம்புகோலோடு இணைந்த மேனுவல் வால்வு நழுவி விழாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிளேட்டைத் தாழ்த்தியதும் 3-4 அக்குமுலேட்டரின் (கியர் மாற்றத்தின் அதிர்வைத் தணிக்கும் பகுதி) பிஸ்டனும் ஸ்பிரிங்கும் உங்கள் முகத்தை நோக்கி வரும். செக் பால்கள் (ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு குண்டுகள்) ஆண்டைப் பொறுத்து ஏழோ எட்டோ இருக்கும், அவற்றில் ஒன்று கியர்பாக்ஸின் உடம்பிலேயே மேலே இருக்கும். ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, திரும்பப் போடும்போது வாஸ்லைன் தடவி ஒட்டவையுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ஆயிலில் கரையாமல் ஃபில்டரில் போய்ச் சேரும். பிளேட்டின் இரு பக்கக் கேஸ்கெட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. சி என்று எழுதியது கியர்பாக்ஸ் பக்கம், வி என்று எழுதியது வால்வு பாடி பக்கம். போல்ட்டுகளின் நீளம் வேறுபடும் என்பதால் அட்டையில் படம் வரைந்து குத்திவையுங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி, 11 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். கை வேகத்தில் இறுக்கினால் வால்வு பாடி நெளிந்து வால்வுகள் சிக்கும்.

1-2 அக்குமுலேட்டரின் பிஸ்டனையும் அப்போதே பாருங்கள். காலையில் மிதக்கும் கோளாறுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய சர்வோ இப்போது வேண்டாம்.

கால்வெஸ்டன் கரை

வேலை முடிந்து 700 மைல் ஓடிவிட்டது. பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். ஒரு நாள் என்று நினைத்தது சனி, ஞாயிறு இரண்டையும் எடுத்துக்கொண்டது. நீங்கள் எச்சரித்திருந்தும் அந்தப் பிஸ்டன் என் நெற்றியில்தான் விழுந்தது, கூடவே சட்டைக் கைக்குள் ஓடிய ஆயிலும். 1-2 அக்குமுலேட்டரைத் திறந்தபோது பிஸ்டனில் நகத்தால் தொட்டால் மட்டுமே தெரியும் மயிரிழை விரிசல் இருந்தது, புதியது போட்டேன். பழைய பிளேட்டில் ஒரு துளையின் விளிம்பில் செக் பால் அடித்து அடித்துக் கிண்ணம்போல் பள்ளமாக்கியிருந்ததால், புதிய பிளேட்டை வாங்கி அதில் சிறிய அளவில் துளையிட்டு, பிசிறைக் கல்லால் தேய்த்து எடுத்தேன்.

இப்போது 1-2 மாற்றம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் உலுக்கவில்லை. கோடு திரும்ப வரவில்லை. நெடுஞ்சாலையில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும்போது, இந்த வண்டிக்கு எப்போது ஐந்தாவது கியர் வந்தது என்று என் மனைவி கேட்டார். ஒரு சந்தேகம் மட்டும் மீதி: சம்பை இறக்கியதில் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆயில் வெளியே வந்தது. மீதிப் பழைய ஆயில் உள்ளேயே இருக்கலாமா?

பதில்: ஷார்ஜா பட்டறை

கன்வெர்ட்டருக்குள்ளும் நிறைய ஆயில் நிற்கிறது, சம்பைக் கழற்றுவதால் அது வராது. இன்னும் 1,000 மைல் ஓட்டிவிட்டு, சம்பை மறுபடியும் இறக்கி டெக்ஸ்ரான் 6 ஆயில் ஊற்றுங்கள். அப்போது காந்தத்தையும் துடைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள். ஆயில் அளவை, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள்.